180 சதுர மீட்டர் புல்தரைக்கு எந்த மோவர் வாங்கலாம்?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டைச் சுற்றி ஏறக்குறைய 180 சதுர மீட்டர் புல்தரை. பின்பக்கம் கொஞ்சம் சரிவு, நடுவில் மூன்று மரங்கள். கையால் தள்ளுவது, ஒயர் மாட்டி ஓட்டுவது, பேட்டரி, பெட்ரோல் என்று நான்கு வகை மோவரையும் (புல் வெட்டும் மெஷின்) பார்த்துக் குழம்பிப்போயிருக்கிறீர்கள். சில நாள் அப்பாவும் ஓட்டுவார். எதில் பவர் அதிகம், எது நீடித்து உழைக்கும் என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "மாதம் ஒரு தடவை வெட்டினால் போதும் என்று நினைக்கிறேன்." உங்கள் கேள்விக்கான விடை அந்த வரியில்தான் இருக்கிறது. எத்தனை நாளுக்கு ஒரு முறை வெட்டப்போகிறீர்கள், எவ்வளவு உயரத்தில் வெட்டப்போகிறீர்கள் என்ற இரண்டும் முடிவானால் மெஷின் தானாக முடிவாகிவிடும். பவரைப் பார்த்து வாங்கிவிட்டு இந்த இரண்டையும் பிறகு யோசித்தால், மெஷின் ஒரு மூலையில் தூங்கும்.

நான் 18 வருடமாகத் தோட்டக் கருவிகளைப் பழுது பார்க்கிறேன், அவற்றில் பாதிக்கு மேல் புல் வெட்டும் மெஷின்கள்தான். இதில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழுது பார்ப்பவன் கண்ணில் படுவது கெட்டுப்போன மெஷின்கள் மட்டுமே. பத்து வருடம் மக்கர் செய்யாமல் ஓடுகிற மெஷின் என் மேசைக்கு வரவே வராது. அதனால் "இந்த பிராண்ட் நல்லது, அந்த பிராண்ட் மோசம்" என்று நான் சொன்னால் அதை முழுதாக நம்பாதீர்கள். அப்படி எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. மெஷின் ஏன் கெடுகிறது, புல் ஏன் கெடுகிறது என்பதை மட்டும் தைரியமாகச் சொல்வேன். அது தினமும் கையில் பார்ப்பது.

முதலில் புல். ஒரு தடவை வெட்டும்போது புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. புல்தரை வளர்ப்பில் யாரும் மறுக்காத விதி இது. காரணம் எளிது. புல் உணவு தயாரிப்பது இலையில். இலையைப் பாதிக்கு மேல் ஒரே நாளில் எடுத்துவிட்டால், மிச்சமிருக்கும் சத்தையெல்லாம் புது இலை விடுவதற்கே செலவழிக்கும், வேர் வளர்வது நின்றுபோகும். இப்போது உங்கள் "மாதம் ஒரு தடவை"யைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீரும் வெயிலும் நன்றாகக் கிடைக்கும் காலத்தில் புல் வாரத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் சாதாரணமாக வளரும். 4 செ.மீ.யில் வெட்டி விட்டால் ஒரு மாதத்தில் 12, 14 செ.மீ. ஆகியிருக்கும். மறுபடியும் 4 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் மூன்றில் இரண்டு பங்கை வெட்டுகிறீர்கள். அடியில் வெயிலே படாமல் வெளுத்துக் கிடந்த தண்டு திடீரென்று வெளியே வரும், தரை முழுக்க மஞ்சளாகத் தெரியும். மெஷினுக்கும் அது மூன்று மடங்கு வேலை. எவ்வளவு பவர் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அதனால் வளரும் பருவத்தில் ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ச்சி மந்தமாகும் காலத்தில் மாதம் ஒரு தடவையே போதுமானதாக இருக்கும், அப்போது நீங்கள் சொன்னது சரிதான். உயரம் உங்கள் புல்லின் வகையைப் பொறுத்தது. அருகம்புல் வகையை 2 முதல் 4 செ.மீ. வரை தாழ்வாக வைத்தால் அடர்ந்து படரும். மெத்தை மாதிரி இருக்கும் மெல்லிய இலை சோய்சியாவும் ஏறக்குறைய அதே அளவுதான், 5 செ.மீ. வரை போகலாம். அகன்ற இலையும் தடித்த ஓடுதண்டும் உள்ள செயின்ட் அகஸ்டின் வகையை 6 செ.மீ.க்குக் கீழே வெட்டினால் வழுக்கை விழும். குளிர்ப் பிரதேசத்து ஃபெஸ்க்யூ வகைகளும் 6 முதல் 9 செ.மீ. உயரத்தைத்தான் விரும்பும். மர நிழலில் இருக்கும் புல் எந்த வகையானாலும், வெயிலில் இருப்பதைவிட ஒரு செ.மீ. உயரமாக விடுங்கள். வெளிச்சம் குறைவாகக் கிடைக்கும் இடத்தில் அதற்கு இலைப் பரப்பு கூடுதலாக வேண்டும். உங்களுக்கு மூன்று மரம் இருப்பதால் வெட்டும் உயரத்தைச் சுலபமாக மாற்றும் வசதி அவசியம். ஒரே லீவரில் நான்கு சக்கரமும் ஏறி இறங்குவதாக இருக்கட்டும். சில மெஷின்களில் ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி வேறு ஓட்டையில் மாட்ட வேண்டியிருக்கும். அதை யாரும் இரண்டாவது தடவை செய்வதில்லை.

இனி மெஷினுக்கு வருவோம். வெட்டுகிற விதத்தில் இரண்டே வகைதான். ஒன்று உருளை மோவர். ஒரு உருளையைச் சுற்றி ஐந்து முதல் ஏழு கத்திகள் சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். அவை சுழன்று, கீழே அசையாமல் நிற்கும் ஒரு தட்டைக் கத்தியில் உரசிக்கொண்டு போகும். இடையில் மாட்டும் புல் கத்தரிக்கோலில் மாட்டியது போல நறுக்கென்று வெட்டுப்படும். 1830-இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் முதல் மோவருக்குக் காப்புரிமை வாங்கியபோது அதில் இருந்ததும் இந்த உருளைதான். கம்பளித் துணி நெய்த பிறகு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீவி எடுக்கும் ஆலை மெஷினைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்தது. துணியைச் சீவுவதற்குப் பிறந்த கத்தி என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இதன் பலமும் பலவீனமும் புரிந்துவிடும். தாழ்வான, சீரான, அடிக்கடி வெட்டப்படும் புல்லுக்கு இதைவிட அழகான வெட்டு கிடையாது. 10 செ.மீ.க்கு மேல் வளர்ந்த புல்லை இது வெட்டாது, சாய்த்துவிட்டு மேலே ஏறிப் போய்விடும். பென்சில் பருமன் சுள்ளி ஒன்று மாட்டினாலே உருளை அப்படியே நின்றுவிடும். உங்கள் மூன்று மரங்களும் சுள்ளி போட்டுக்கொண்டேதான் இருக்கும். கையால் தள்ளும் உருளை மோவர் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. சத்தமில்லை, புகையில்லை, பத்து கிலோதான் எடை. புல்தரை 50, 60 சதுர மீட்டராகவும் சமதளமாகவும் இருந்து, வாரம் தவறாமல் வெட்டும் ஆளாகவும் நீங்கள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்கச் சொல்வேன். சரிவில், 180 சதுர மீட்டருக்கு, அப்பாவும் தள்ள வேண்டும் என்றால் வேண்டாம்.

இன்னொன்று சுழல் பிளேடு மோவர். மெஷினின் வெளிக்கூட்டுக்கு அடியில் மின்விசிறி மாதிரி ஒரே ஒரு பிளேடு. பெட்ரோல், பேட்டரி, ஒயர் மோவர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். இது கத்தரிப்பதில்லை, வேகத்தால் அடித்து அறுக்கிறது. 40 செ.மீ. நீளப் பிளேடு நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றினால் அதன் நுனி மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் போகிறது. அவ்வளவு வேகம் இருப்பதால்தான் மறுபக்கம் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமலே புல் அறுபடுகிறது. பிளேடு மழுங்கினாலும் வேகம் அப்படியே இருக்கும். அதனால் மெஷின் புல்லை வெட்டுவது போலத்தான் தெரியும், உண்மையில் அது பிய்க்கத் தொடங்கியிருக்கும். இதை நீங்களே பார்க்கலாம். வெட்டிய மறுநாள் காலை தரையில் உட்கார்ந்து ஒரு இலையைப் பறித்து நுனியைப் பாருங்கள். கூர்மையான பிளேடு வெட்டியிருந்தால் நுனி நேராக, சுத்தமான ஒரு கோடாக இருக்கும். மழுங்கிய பிளேடாக இருந்தால் கிழிந்த துணி ஓரம் போல நார் நாராகப் பிரிந்து, வெள்ளையாகவோ பழுப்பாகவோ காய்ந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தரை முழுக்க ஒரு சாம்பல் படலம் விழுந்த மாதிரி இருக்கும். "மெஷின் சரியில்லை, மாற்றப்போகிறேன்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களில் பலருக்கு நான் செய்வது பிளேடைக் கழற்றிச் சாணை பிடித்துக் கொடுப்பது மட்டும்தான்.

உங்களுக்குச் சுழல் பிளேடுதான் சரி. சுள்ளியையும் வளர்ந்த புல்லையும் பொறுத்துக்கொள்ளும். அடுத்த கேள்வி, அதை எது சுற்ற வேண்டும் என்பது.

ஒயர் மோவர் எளிமையானது. 1,200 முதல் 1,800 வாட் மோட்டார், எடை குறைவு, விலை குறைவு, பராமரிப்பு ஏறக்குறைய இல்லை. பேட்டரி தீர்ந்துபோகும் கவலையும் இல்லை. ஆனால் உங்கள் தோட்டத்தில் மூன்று மரங்களைச் சுற்றி ஒயரை இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஒயர் மோவரை ஓட்ட வழி ஒன்றுதான். பிளக் இருக்கும் பக்கம் தொடங்கி, ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு, அதை விட்டு விலகி விலகி வெட்டிக்கொண்டு போக வேண்டும். மரம் குறுக்கே வந்தால் இந்த ஒழுங்கு கெட்டுவிடும். பிளேடில் ஒயர் மாட்டி அறுபட்டு வந்த மெஷின்களை எண்ணி மாளாது. அப்படியும் இதை வாங்கினால், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. என்ற பாதுகாப்புக் கருவி இல்லாத பிளக்கில் மாட்டவே மாட்டாதீர்கள். ஈரப் புல்லில் ஓட்டாதீர்கள். நீட்டிப்பு ஒயர் நீளமாக ஆக ஆகத் தடிமனும் கூட வேண்டும். மெல்லிய ஒயரில் மின்னழுத்தம் விழுந்து மோட்டார் சூடாகிக் கருகும்.

பெட்ரோல் மெஷினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "பவர் அதிகம்" என்று நீங்கள் கேட்டது மனதில் இதை வைத்துத்தான் என்று நினைக்கிறேன். பவர் அதிகம் என்பது உண்மை. 140, 160 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் உள்ள மோவர் முழங்கால் உயரப் புல்லிலும் மெதுவாக நகர்த்தினால் போய்விடும். 1,000 சதுர மீட்டர் தோட்டம், ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரம் வேலை என்றால் இன்றைக்கும் நான் அதையே சொல்வேன். உங்கள் அளவுக்குப் பிரச்சினை வேறு. மெஷின் வாரத்தில் அரை மணி நேரம் ஓடும், பிறகு மாதக்கணக்கில் சும்மா நிற்கும். பெட்ரோல் இன்ஜினை ஓட்டம் கெடுப்பதைவிடச் சும்மா நிற்பதுதான் அதிகம் கெடுக்கிறது.

போன வாரம்கூட ஒன்று வந்தது. பார்க்கப் புத்தம் புதிது, பெயின்டில் கீறல்கூட இல்லை. கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் சின்னக் கிண்ணத்தைக் கழற்றினேன். உள்ளே பெட்ரோல் இல்லை. பெட்ரோல் காய்ந்து, வார்னிஷ் பூசியது போலப் பழுப்பாக ஒரு படலம், மூலையில் ஒரு துளி தண்ணீர், அதைச் சுற்றி வெள்ளைப் பொடி. எரிபொருள் போகும் துளை ஒரு ஊசிமுனை அளவுதான் இருக்கும். அது அடைத்துப்போயிருந்தது. இன்ஜினில் எந்தக் கோளாறும் இல்லை. ஒரு பருவம் முழுக்க டேங்கில் பெட்ரோலோடு நின்றதுதான் காரணம். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஒரு மாதத்தில் பழசாகத் தொடங்கிவிடும். பெட்ரோல் மோவர் வைத்திருப்பவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிட வேண்டும், இல்லையென்றால் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும். ஆயில் அளவை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். புது இன்ஜினின் முதல் ஆயிலைப் பொதுவாக ஐந்து மணி நேர ஓட்டத்திலேயே மாற்றிவிட வேண்டும், உள்ளே தேய்ந்த உலோகத் துகள் அதில்தான் இருக்கும். கீழே சுத்தம் செய்யச் சாய்க்கும்போது ஸ்பார்க் பிளக்கும் ஏர் ஃபில்டரும் மேலே இருக்கும்படி சாய்க்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் ஆயில் ஃபில்டருக்குள் இறங்கிவிடும். இதையெல்லாம் விரும்பிச் செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் பெட்ரோல் மெஷின் இருபது வருடம் வாழும். மாதம் ஒரு தடவை வெட்டினால் போதும் என்று நினைப்பவர் இதையும் செய்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. தவறாக நினைக்காதீர்கள், பெரும்பாலான வீடுகளில் இதுதான் நிலைமை. அப்பாவின் தோளையும் யோசியுங்கள். ஸ்டார்ட் செய்யும் கயிற்றை வெடுக்கென்று இழுக்க வேண்டும், மெஷினின் எடையும் 25, 30 கிலோ.

ஆக, உங்களுக்குப் பேட்டரி. இதில் பெட்டி மேல் அச்சடித்திருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள், அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வோல்ட்டை மட்டும் பார்க்காதீர்கள், ஆம்பியர்-ஹவரை மட்டும் பார்க்காதீர்கள், இரண்டையும் பெருக்குங்கள். வருவதுதான் பேட்டரிக்குள் இருக்கும் மொத்தச் சக்தி, வாட்-ஹவர். 36 வோல்ட், 4 ஆம்பியர்-ஹவர் என்றால் 144. 18 வோல்ட், 8 ஆம்பியர்-ஹவர் என்றாலும் அதே 144. ஒரு பெட்டியில் "40 வோல்ட் மேக்ஸ்" என்றும் பக்கத்தில் இருப்பதில் "36 வோல்ட்" என்றும் இருந்தால் இரண்டும் ஒன்றேதான். உள்ளே பத்து செல். ஒவ்வொன்றும் சராசரியாக 3.6 வோல்ட் என்று சொன்னால் 36, சார்ஜ் போட்டு எடுத்த புதிதில் 4 வோல்ட் என்று சொன்னால் 40. அதே போல "20 மேக்ஸ்" என்பது 18.

சரி, உங்களுக்கு எவ்வளவு வேண்டும்? 40 செ.மீ. அகல மோவர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசை மேல் கொஞ்சம் ஏற வேண்டும் என்பதால் உண்மையில் கிடைப்பது 35 செ.மீ. நிமிடத்துக்கு 50 மீட்டர் என்ற நிதானமான நடையில் நிமிடத்துக்கு 17.5 சதுர மீட்டர் வெட்டலாம். 180 சதுர மீட்டருக்குப் பத்து நிமிடம் சொச்சம். திரும்புவது, மரத்தைச் சுற்றுவது, புல் சேரும் பெட்டியைக் கொட்டுவது எல்லாம் சேர்த்தால் 20, 25 நிமிடம், அதில் பிளேடு சுற்றும் நேரம் 15 முதல் 20 நிமிடம். நேரத்துக்கு வெட்டப்படும் காய்ந்த புல்லில் இந்த அளவு மோவர் 400 முதல் 600 வாட் வரை எடுக்கும். 144 வாட்-ஹவர் பேட்டரி அதற்கு ஏறக்குறைய சரியாக இருக்கும், ஆனால் மிச்சம் இருக்காது. புல் உயரமாகிவிட்டாலோ ஈரமாக இருந்தாலோ செலவு சர்வசாதாரணமாக இரண்டு மடங்காகும், பாதித் தரையில் நின்றுவிடும். பேட்டரிக்கு வயதாகும்போது கொள்ளளவும் குறைந்துகொண்டே வரும். அதனால் 180 வாட்-ஹவருக்குக் குறையாமல் எடுங்கள், அதாவது 36 வோல்ட்டில் 5 ஆம்பியர்-ஹவர். முடிந்தால் 4 ஆம்பியர்-ஹவரில் இரண்டு எடுங்கள். இரண்டு சின்ன பேட்டரி ஒரு பெரிய பேட்டரியைவிட வசதி, ஒன்று கெட்டாலும் வேலை நிற்காது. அதே பேட்டரி, ஓரப் புல்லை வெட்டும் கைக்கருவியான டிரிம்மருக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். மரத்தடியிலும் சுவர் ஓரத்திலும் எந்த மோவரும் போகாது, அதற்கு டிரிம்மர் கட்டாயம் வேண்டியிருக்கும்.

பேட்டரி எத்தனை வருடம் உழைக்கும் என்று கேட்டால் நான் ஒரே எண்ணைச் சொல்ல மாட்டேன். நான்காவது வருடத்திலேயே பாதிக் கொள்ளளவுக்கு வந்த பேட்டரியையும் பார்த்திருக்கிறேன், எட்டு வருடம் கழித்தும் நன்றாக ஓடியதையும் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் பெரும்பாலும் வைத்திருந்த விதத்தில் இருந்தது. சூடுதான் லித்தியம் பேட்டரிக்கு முதல் எதிரி. வெட்டி முடித்துச் சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜரில் மாட்டாதீர்கள், அரை மணி நேரம் ஆறட்டும். வெயில் காயும் தகரக் கொட்டகையில் விட்டுவைக்காதீர்கள், வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். உறைநிலைக்குக் கீழான குளிரில் சார்ஜ் போடாதீர்கள். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள், முழுதாக நிரப்பியும் வேண்டாம், முழுதாகத் தீர்த்தும் வேண்டாம்.

அகலம் அதிகமாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று பெரிய மெஷினுக்குப் போகாதீர்கள். மேலே போட்ட அதே கணக்கை 32 செ.மீ. மோவருக்குப் போட்டால் கூடுதலாக ஆவது மூன்று நிமிடம்தான். மேடுபள்ளமான இடத்தில் அகலமான மோவர் மேட்டின் தலையைச் சீவி மண்ணைக் காட்டிவிடும், குறுகியது ஏறி இறங்கிப் போகும். மரங்களுக்கு இடையில் திருப்புவதும் சுலபம். 37 முதல் 42 செ.மீ. உங்களுக்குப் பொருத்தம். தானாக நகரும் சக்கரம் வேண்டுமா என்பது சரிவைப் பொறுத்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ரோபோ மோவரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது சொல்வார்கள் என்பதால் சுருக்கமாக: 1995-இல் சூரியசக்தியில் ஓடிய ஹஸ்க்வர்னாவின் மெஷினில் தொடங்கி இன்று மிக நன்றாக வளர்ந்துவிட்டது. தினமும் சில மில்லிமீட்டர் மட்டும் வெட்டும் என்பதால் புல்லுக்கு உண்மையிலேயே நல்லது. ஆனால் சுள்ளி, விழுந்த காய், பொம்மை எதுவும் இல்லாத தரை அதற்கு வேண்டும். சிறு பிராணிகள் நடமாடும் இரவு நேரத்தில் அதை ஓட விடவும் கூடாது. தோளில் மாட்டும் பிரஷ் கட்டர் ஒன்றையே வைத்து எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்றும் சொல்வார்கள். புதர் வெட்ட அருமையான கருவி. புல்தரையில் அலை அலையாகத்தான் வெட்டும், மூன்றில் ஒரு பங்கு விதியைக் கையால் காப்பாற்றவே முடியாது.

வெட்டிய புல்லைப் பெட்டியில் சேர்ப்பதா, பொடியாக்கித் தரையிலேயே விடுவதா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. பொடியாக்கித் தரையிலேயே விடுவதை மல்ச்சிங் என்பார்கள். என் கருத்து, முடிந்தவரை விட்டுவிடுங்கள். புல்லுக்கு வருடத்துக்குத் தேவைப்படும் நைட்ரஜனில் ஏறக்குறைய கால் பங்கு இந்தத் துணுக்குகளிலிருந்தே திரும்பக் கிடைத்துவிடும். அடியில் பஞ்சு போல நார் அடுக்கு சேர்வதற்கு இதுதான் காரணம் என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது, அது சரியல்ல. அந்த அடுக்கு உண்டாவது பெரும்பாலும் தண்டிலும் வேரிலும் இருந்துதான். இலைத் துணுக்கு சீக்கிரம் மக்கிவிடும். ஆனால் இது நேரத்துக்கு வெட்டும் தரைக்குத்தான் பொருந்தும். மாதம் கழித்து வெட்டிய நீளப் புல்லையோ ஈரப் புல்லையோ அப்படியே விட்டால் குவியல் குவியலாகக் கிடந்து அடியில் உள்ளதை அழுகவைக்கும். இரண்டும் செய்யக்கூடிய மெஷினாக வாங்குங்கள், புல் வெளியேறும் பின்வாயை அடைக்கும் ஒரு பிளாஸ்டிக் அடைப்பானைக் கூடவே தருவார்கள்.

பாதுகாப்பு பற்றி ஒன்றிரண்டைச் சொல்லாமல் விட மனமில்லை. கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்கும் கம்பியை விட்டதும் பிளேடு நிற்க வேண்டும். பின்னால் நடந்து ஓட்டும் மோட்டார் மோவர்களில் மூன்று வினாடிக்குள் நிற்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1982-லிருந்தே விதி இருக்கிறது. வாங்கும்போது ஓட்டிப் பார்த்து, கையை விட்டு, மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். பிடித்துக்கொண்டே இருப்பது தொந்தரவு என்று அந்தக் கம்பியைக் கயிற்றால் கட்டிப் பழுதுக்குக் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். நான் முதலில் அந்தக் கயிற்றை அறுத்துவிட்டுத்தான் பேசுவேன். அடியில் கை வைப்பதற்கு முன் பேட்டரியையும் பாதுகாப்புச் சாவியையும் எடுத்துவிட வேண்டும், பெட்ரோல் என்றால் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்ற வேண்டும், இதற்கு விதிவிலக்கே கிடையாது. வெட்டத் தொடங்கும் முன் தரையில் ஒரு சுற்று நடந்து கல்லையும் சுள்ளியையும் பொறுக்குங்கள். மணிக்கு 220 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பிளேடு நுனி ஒரு கூழாங்கல்லை எங்கே அனுப்பும் என்று சொல்ல முடியாது. முன்பக்கம் மூடிய ஷூ போட்டுக்கொள்ளுங்கள். மெஷின் ஓடும்போது குழந்தைகள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

கடைக்குப் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கைப்பிடி உயரம் அவருக்கும் உங்களுக்கும் மாற்றி வைக்க வருகிறதா, தூக்கி ஒரு படி ஏற்ற முடிகிறதா, புல் பெட்டியை ஒற்றைக் கையால் கழற்ற வருகிறதா என்று அவரையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். மாற்று பிளேடும் பேட்டரியும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். பிளேடு கிடைக்காத மெஷின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். கூடு இரும்பா, பிளாஸ்டிக்கா என்று பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். உங்கள் அளவுக்கு நல்ல பிளாஸ்டிக் கூடு போதும், துருப்பிடிக்காது. ஒவ்வொரு முறையும் அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்டி எடுக்காமல் விட்டால்தான் எந்தக் கூடும் கெடும். பிளேடை 20, 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை சாணை பிடித்தால் போதும், உங்கள் கணக்குக்கு அது வருடத்துக்கு ஒரு தடவைதான். தீட்டிய பிளேடின் நடுத் துளையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிக் கிடையாக விடுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தீட்ட வேண்டும். சமநிலை இல்லாத பிளேடு அதிர்ந்து அதிர்ந்தே மோட்டார் பேரிங்கைத் தின்றுவிடும்.

இப்போது சரிவு. "கொஞ்சம்" என்று எழுதியிருக்கிறீர்கள், அதை வைத்து நான் முடிவு சொல்ல முடியாது, ஆனால் நீங்களே அளந்துவிடலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான சட்டம் ஒன்றை எடுத்து, ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கத்தில் தரையில் வையுங்கள். ரசமட்டம் வைத்துச் சட்டத்தைக் கிடைமட்டமாகப் பிடித்துக்கொண்டு, மறுமுனைக்கும் தரைக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். 10 செ.மீ.க்குள் இருந்தால் சாதாரணமாகத் தள்ளும் மெஷினே போதும், எடையும் விலையும் மிச்சம். 10-இலிருந்து 25 வரை என்றால் பின்சக்கரம் தானாக நகரும் மாடலை எடுங்கள், பேட்டரியும் ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். பெட்டி நிறைந்தால் முன்பக்கம் லேசாகித் தூக்கும், அதனால் முன்சக்கர இழுவை ஏற்றத்தில் வழுக்கும். வெட்டும்போது சரிவுக்குக் குறுக்காகவே நடக்க வேண்டும், மேலும் கீழுமாகப் போகக் கூடாது. கால் வழுக்கினால் மெஷின் உங்கள் மேல் வரும், அல்லது நீங்கள் மெஷினை நோக்கிப் போவீர்கள். 27 செ.மீ.யைத் தாண்டினால் அது 15 டிகிரி. அந்தப் பகுதியில் மோவரே வேண்டாம், அப்பாவை அங்கே அனுப்பவும் வேண்டாம். புல்லை எடுத்துவிட்டு, வெட்டத் தேவையில்லாத படர்செடி எதையாவது நட்டுவிடலாம். அளந்த எண்ணையும் புல்லின் இலை அகலத்தையும் எழுதுங்கள், எந்த உயரத்தில் வெட்டத் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.